எனாமல்

ஈயம் உருக மாட்டீங்குது. அஞ்சு எச்பி மோட்டாருக்கு லீடு ஒயரு ஒட்டறதுன்னா அரை நிமிசத்துல உருக்கித் தள்ளற சால்டரிங் அயர்னு, இந்தச் சுண்டைக்காய் போர்டு முன்னால வந்து நிக்கறப்பத்தான் ரோசம் காட்டுது. மணி ஒண்ணே முக்கால். நாலு மணிக்கு அட்மிசன், மூணேகாலுக்குக் கெளம்போணும், ஒண்ணரை மணி நேரம் இருக்கு, போதும், போதும்டா நஞ்சப்பா, கையை மட்டும் ஆட்டாம வெச்சுக்க. ஒயரு முனை நழுவி நழுவிப் போவுது. முப்பது வருசமா மோட்டாருக்குக் காயில் கட்டுன கை, எங்க கணபதி ஏரியாவுல ஆரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, நஞ்சப்பன் கட்டுன காயில் எரியாதுன்னு, இந்தக் கைக்கு இன்னிக்கு என்ன கேடு வந்துச்சு. பெரிய வித்தையா இது? ரெண்டு ஹெல்மெட்டு. கழுத்துல மாட்டற ப்ளூடூத் செட்டு ரெண்டு, கடையில இருந்ததுலயே மலிவு, அதைப் பொளந்து போர்டும் பேட்டரியும் வெளிய எடுத்தாச்சு. பழைய ஹெட்போன்ல இருந்து வட்டமா ரெண்டு ஸ்பீக்கர், அது என்ர ஹெல்மெட்டுல காதுப் பக்கம். மைக்கு என்ர பொண்டாட்டி மரகதத்தோட ஹெல்மெட்டுல வாய்ப் பக்கம். என்ர போன்ல இருந்து அவ போனுக்குக் கூப்பிட்டு அப்படியே உட்டுட்டம்னா, அவ பின்னால உக்காந்து பேசறது என்ர காதுக்குள்ள விழும். அவ்வளவுதான் சமாச்சாரம். கடைக்காரன்கூடக் கேட்டான், "லாங் ரைடுங்களாண்ணா? ரெடிமேடாவே செட்டு வருதுங், மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆவாது, நாலஞ்சு வருசம் ஒழைக்கும்"னு. நாலஞ்சு வருசம் ஒழைக்கறதை வெச்சுட்டு நான் என்னடா பண்ணட்டும். எனக்கு ஒருக்கா ஒழைச்சாப் போதும். ஆஸ்பத்திரி வரைக்கும் எட்டு கிலோமீட்டர். "ஊட்டி போறமுங்க"ன்னு பொய் சொன்னேன். "அண்ணியோடயா, சூப்பருங்ணா"ன்னு சிரிச்சுட்டே பொட்டலம் கட்டிக் குடுத்தான். நாளைக்குக் காலையில உங்க அண்ணியோட குரல்வளையை அறுத்து எடுத்துருவாங்க தம்பின்னு சொல்லியிருந்தா அந்தச் சிரிப்பு என்ன ஆயிருக்கும்? சொல்லலை. எதுக்குச் சொல்லோணும். ஊட்டியாவே இருக்கட்டும்.

உள்ளார மரகதம் பையில துணி எடுத்து வெக்கற சத்தம் கேக்குது. ஜிப்பு போடறா, தொறக்கறா, மறுக்காவும் போடறா. பேச்சுச் சத்தம் மட்டும் இல்லை. அவ வீட்டுல எப்பவும் பேசமாட்டா. கல்யாணமாகி வந்தப்ப ஒரே ரூம், நடுவுல ஒரு சேலையத் தொங்கவிட்டு அந்தப்பக்கம் எங்கய்யன் படுத்திருப்பாரு, இந்தப்பக்கம் நாங்க. வாய் தொறந்தா அந்தப்பக்கம் இருமுவாரு. ரெண்டு வருசம் அப்படிக் கெடந்தவளுக்கு வீட்டுல பேசறதே மறந்து போச்சோ என்னமோ. அய்யன் போயி, தனிவீடு கட்டி, மக பொறந்து, அவளும் படிச்சு மெட்ராசுக்கு வேலைக்குப் போயி, இப்ப இத்தன பெரிய வீட்டுல ரெண்டே பேரு, அப்பவும் அப்படித்தான். சோறு போடட்டுங்களா, கரண்டு பில்லு வந்திருக்கு, மாவு தீந்துபோச்சு. முடிஞ்சுது பேச்சு. ஆனா வண்டில ஏறுனாளோ இல்லையோ, காலை ஒருபக்கமாப் போட்டு உக்காந்து என்ர தோளைப் புடிச்சாளோ இல்லையோ, ஆரம்பிச்சிருவா. கணபதியில ஆரம்பிச்சா சோமனூர்ல அவ அக்கா வீடு வர்ற வரைக்கும் நிக்காது. மூஞ்சி மூஞ்சி பாக்க வேண்டியதில்லை பாரு, அதனால வருது போலிருக்கு. எனக்கு ஒண்ணும் கேக்காது. காத்து, லாரி, என்ர மண்டைக்கு மேல இந்தச் சட்டி. பாதி வார்த்தை காத்துல போயிரும், மீதி வார்த்தை ஹெல்மெட்டுல முட்டித் திரும்பிப் போயிரும். நான் தலையை ஆட்டுவேன். ஆட்டுனாப் போதும், அவ பாட்டுக்குப் பேசிட்டு வருவா. இருவத்தி ஆறு வருசம்டா. மாடு மாதிரி தலையை ஆட்டிட்டு வந்திருக்கேன், அத்தனையும் காத்தோட போயிருச்சு, அவ என்ன பேசுனாள்னு ஒரு வரி எனக்குத் தெரியாது. இப்பத்தான் பெரிய இவனாட்டம் ஸ்பீக்கர் ஒட்டிட்டு உக்காந்திருக்கேன்.

உருகிருச்சு. உருகிருச்சு, மெதுவா, ஒரு பொட்டு வெச்சாப் போதும். அந்த டாக்டரம்மாவும் இப்படித்தான் பேனாவுல ஒரு பொட்டு வெச்சாங்க. தாள்ல கழுத்து மாதிரி வரைஞ்சு, அதுல ஒரு பொட்டு, "இங்க இருக்குங்க." அப்பறம் அதைச் சுத்தி ஒரு வட்டம், "இதை முழுசா எடுக்கணுமுங்க." அப்பறம் கழுத்துக்குக் கீழ சின்னதா இன்னொரு வட்டம், "இந்த ஓட்டை வழியாத்தான் மூச்சு." நான் அந்தத் தாளையே பாத்துட்டு இருந்தேன். "எத்தன நாளா கொரல் இப்படிக் கம்மியிருக்கு?"ன்னு கேட்டாங்க. நான் முந்திக்கிட்டு, "சளிதானுங்க, ஒரு ரெண்டு மூணு மாசமா, சித்தரத்தை குடுத்துட்டு இருக்கேன்"னேன். சித்தரத்தை! மெல்லு மெல்லுன்னு நானே வாங்கியாந்து குடுத்தேன், அவளும் மென்னுட்டே இருந்தா. மரகதம் கீழ பாத்துட்டே சொன்னா, "ஆடி மாசத்துல இருந்துங்க." டாக்டரம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க. "அப்பவே வந்திருந்தாக் கரண்டு வெச்சே, ரேடியேசன்லயே பாத்திருக்கலாமேம்மா, கொரலைக் காப்பாத்தியிருக்கலாமே"ன்னாங்க. வெளிய வந்து அந்த வராண்டாவுல, ஊரே பாக்க, நான் சத்தம் போட்டேன், "ஏன் எங்கிட்டச் சொல்லலை? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?" அவ என்னைப் பாத்தா. கோவமில்லை, ஒண்ணுமில்லை, காய்கறிக்காரன் கணக்கைத் திருத்தற மாதிரிச் சொன்னா: "சொன்னனுங்களே. அக்கா வீட்டுல இருந்து வாரப்ப, அவினாசி ரோட்டுல. தொண்டையில ஏதோ கட்டியாட்டம் இருக்குது, முழுங்கறப்பக் குத்துது, டாக்டர்கிட்டப் போலாமுங்களான்னு கேட்டேன். நீங்க சரி சரின்னு தலைய ஆட்டுனீங்க."

சரி சரி. எதுக்குடா ரெண்டு சரி? ஒரு சரி சொன்னாக் கேட்டுச்சுன்னு அர்த்தம். ரெண்டு சரி சொன்னா, போதும் வாயை மூடுன்னு அர்த்தம். நான் ரெண்டு சொல்லியிருக்கேன். ஆடி மாசம், அம்மியும் பறக்கற காத்து, கருமத்தம்பட்டி தாண்டி வண்டியே அந்தப்பக்கம் இந்தப்பக்கம் தள்ளுது, பக்கத்துல நூல் மூட்டை ஏத்துன லாரி, எனக்கு அந்த லாரிதான் கண்ணுல நிக்குது, தார்ப்பாய் பிச்சுட்டு அடிச்சது நெனப்பிருக்கு, அவ தோளை அழுத்துனதுகூட நெனப்பிருக்கு. வழக்கத்தைவிட எச்சா அழுத்துனா. அப்பக்கூட ஒரு நிமிசம் வண்டியை ஓரங்கட்டி, "என்ன புள்ள, காதுல உழுகலை"ன்னு கேட்டிருந்தா? ஒரே நிமிசம். ஓரங்கட்டறதுக்கு எடமா இல்லை, அத்தன பெரிய ரோட்டுல? சரி சரி. எட்டு மாசம் அவ அந்த ரெண்டு சரியை வெச்சுட்டுக் காத்துட்டு இருந்திருக்கா. இன்னிக்குக் கூட்டிட்டுப் போவாரு, நாளைக்குக் கூட்டிட்டுப் போவாருன்னு. இல்லைன்னா, கேட்டும் கண்டுக்காத மனுசன்னு நெனச்சிருப்பா. எது நெனச்சாளோ. அவ என்ன நெனச்சாள்னு எனக்கு எப்பத் தெரிஞ்சிருக்கு. அய்யோ, கருகுது, கருகுது! எடு, எடுடா கையை! போச்சு. என்ர போர்டுல இருந்த மைக்கு போச்சு. மொளகு சைசு கூட இல்லை, அதுமேல அறுவது வாட்டு அயர்னை வெச்சுட்டுச் சரிசரின்னு யோசன பண்ணிட்டு இருந்தா அது பின்ன என்ன பண்ணும். பொசுங்குன நாத்தம் மூக்குல ஏறுது. போகட்டும். நான் பேசறது அவளுக்குக் கேக்காது, அவ்வளவுதானே. நான் பேசி என்னத்தைக் கிழிச்சேன். அவ பேசறது எனக்குக் கேக்கோணும், அது போதும்.

"ஏனுங்க, என்னமோ தீயுது." வாசப்படியில நிக்கறா. அந்தக் குரலு, கட்டிப்போயி, பாதி காத்தா வர்ற குரலு, முன்னெல்லாம் எப்படி இருந்துச்சுன்னு நெனச்சுப் பாக்கறேன், வர மாட்டீங்குது. நேத்து மக போன்ல அழுதுட்டே சொன்னா, "அம்மா கொரலைப் பதிவு பண்ணி வெச்சுக்கங்கப்பா, நான் நாளானிக்கு விடியறப்ப வந்தர்றேன்"னு. நானும் போனை அவ மூஞ்சிக்கு நேரா நீட்டி, எதாச்சும் பேசு மரகதம்னேன். முந்தானையை இழுத்துச் சரிபண்ணிட்டு, தாசில்தார் முன்னால நிக்கற மாதிரி, "வணக்கமுங்க"ன்னா. அதோட சரி. "என்னத்தைப் பேசறது? ரசத்துல உப்பு சரியா இருந்துச்சுங்களா?" அதுக்கு மேல நான் என்னத்தைப் பதிவு பண்ணட்டும். "ஒண்ணும் தீயலை, நீ போயி ரெடியாவு"ன்னேன். போகலை. உத்துப் பாக்கறா. "அது என்ர பவுடர் பஞ்சுதானுங்களே?" ஆமா. மைக்குல காத்து அடிச்சா அலறும், அதுக்கு மேல மெத்துனு எதாச்சும் சுத்தோணும், கண்ணாடிக்கு முன்னால அது இருந்துச்சு, எடுத்துட்டேன். "உனக்கு வேற வாங்கித் தாரேன்"னேன். சொல்லிப்போட்டு எனக்கே அசிங்கமாப் போச்சு. பேச்சை மாத்தறதுக்கு, "காரு புடிச்சுப் போலாம்னு புள்ள சொல்றா"ன்னேன். "வண்டிலயே போலாமுங்க"ன்னா. அது போதும், அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் விடியால இருந்து இங்க உக்காந்திருக்கேன். அன்னிக்கு டாக்டரம்மாகிட்ட அவ கேட்டது ஒரே ஒரு கேள்விதான். பொழைப்பனான்னு கேக்கலை, வலிக்குமான்னு கேக்கலை. "சிரிச்சாச் சத்தம் வருங்களா?"ன்னு கேட்டா. டாக்டரம்மா என்னைப் பாத்தாங்க, அப்பறம் அவளைப் பாத்தாங்க. "வராதுங்கம்மா. வாய் மட்டும் சிரிக்கும்." "சரிங்க"ன்னா. அவ ஒரே ஒரு சரிதான் சொன்னா. எனக்கு அப்பத்தான் தோணுச்சு, இவ சிரிக்கற சத்தம் நான் கேட்டு எத்தன நாளாச்சு? வருசமாச்சு? சிரிப்பாளா இவ? எங்க சிரிப்பா?

மூணு மணி. ஒட்டியாச்சு, டேப்பு சுத்தியாச்சு, ஸ்பாஞ்சுக்கு அடியில சொருகியாச்சு. அவளைக் கட்டில்ல உக்கார வெச்சு ஹெல்மெட்டை நானே மாட்டி உட்டேன். தாடைப்பட்டையை மாட்டறப்ப கழுத்துல கை பட்டுச்சு, இங்கதான், இங்கதான் அந்தப் பொட்டு. கையை எடுத்துட்டேன். என்ர போன்ல இருந்து கூப்பிட்டு, அவ போனை எடுத்து அவ கையிலயே குடுத்து, என்ர ஹெல்மெட்டை மாட்டிட்டு வாசக்கேட்டு வரைக்கும் நடந்து போயி நின்னேன். "பேசு"ன்னு கையைக் காட்டுனேன். ஜன்னல் வழியாத் தெரியுது, அவ வாய் அசையுது. பஞ்சுக்குப் பின்னால அசையுது. ஒண்ணும் கேக்கலை. ஒரு கரகரப்புக்கூட இல்லை. "சத்தமாப் பேசு!" பாவி, குரலே இல்லாதவளைச் சத்தமாப் பேசச் சொல்றேன். அவ பேசறா, கழுத்து நரம்பு பொடைக்கப் பேசறா, எனக்கு என்ர மூச்சுதான் கேக்குது. போன்ல லைன் இருக்கு, ப்ளூடூத் புடிச்சிருக்கு, நீல லைட்டு மினுக்குது, எல்லாஞ் சரியா இருக்கு, பின்ன எங்க? பின்ன எங்கடா போச்சு? அப்பத்தான் மண்டையில ஒறைச்சுது. அந்த ஸ்பீக்கர் ஒயரு. தலைமயிரைவிடச் சன்னமா, செவப்பும் பச்சையுமா மினுமினுன்னு இருந்துச்சே, நான் அதை அடையாளத்துக்குப் பூசுன சாயம்னு நெனச்சேன். சாயம் இல்லைடா முட்டாப்பயலே, அது எனாமலு. காயில் கம்பி மேல கரண்டு தாண்டாம இருக்கப் போட்டிருக்கற அதே எனாமலு. பட்டறையில சேந்த மொத நாளு ஒருத்தன் கத்துக்கறது அதுதான்: கம்பி முனையில எனாமலைச் சுரண்டாம ஈயம் வெக்காதே. பாக்கறதுக்கு ஒட்டுன மாதிரியே இருக்கும், இழுத்தாக்கூட வராது, ஆனா உள்ள ஒண்ணையொண்ணு தொட்டிருக்காது, கரண்டு போவாது. முப்பது வருசம் லட்சம் முனை சுரண்டியிருப்பேன். என்ர பொண்டாட்டி பேசற கம்பியில சுரண்ட மறந்துட்டேன். பிரிக்கோணும், டேப்பை அவுக்கோணும், மறுக்காவும் அயர்னைச் சூடு பண்ணோணும். அவ ஹெல்மெட்டோடவே வெளிய வந்துட்டா, தோள்ல பை, கையில பிளாஸ்க்கு. "கேக்கலீங்களா?" இல்லைன்னு தலையை ஆட்டுனேன். "உட்டுத்தள்ளுங்க. நேரமாச்சு, டோக்கனைத் தாண்டிட்டா அப்பறம் அங்க உக்கார வெச்சிருவாங்க." பூட்டைப் போட்டா, ஒருக்கா இழுத்துப் பாத்தா, சாவியை என்ர சட்டைப் பையில போட்டா. போனைக் கட் பண்ணோணும்னுகூட ரெண்டு பேருக்கும் தோணலை.

பை முன்னால, அவ பின்னால. ஆவாரம்பாளையம் வரைக்கும் நான் ரோட்டைப் பாத்து ஓட்டுனனா என்னன்னு எனக்கே தெரியாது. பொடனியில ஸ்பீக்கர் ஒயரு உறுத்துது. அவ தோளைப் புடிச்சிருக்கா, அந்த வெரல் ஒவ்வொண்ணும் தெரியுது, பேசறாளா இல்லையா அது மட்டும் தெரியலை. முடிஞ்சுது. இன்னும் அஞ்சு கிலோமீட்டரு, அதோட முடிஞ்சுது. பள்ளிக்கொடத்துக்கிட்ட ஸ்பீடு பிரேக்கரு, பாக்காம ஏத்திட்டேன், வண்டி எகிறி விழுந்துச்சு. காதுக்குள்ள கரகரன்னுச்சு. காத்துன்னு நெனச்சேன். காத்து இப்படி விட்டு விட்டு வராதே. மூச்சு. அவ மூச்சு, பஞ்சுல பட்டுப்பட்டு வருது. எங்கியோ எனாமலு உரசி விட்டுப்போயிருக்கு, கம்பி தொட்டுருச்சு. நான் கழுத்தை அசைக்கலை. அசைச்சா விட்டுரும். "...கருவேப்பிலைச் செடிக்கு அரிசி களைஞ்ச தண்ணி ஊத்தோணும், இந்த மனுசன் எங்க ஊத்தப் போறாரு, செடி காயறது கண்ணுக்குத் தெரிஞ்சாத்தானே..." இந்த மனுசன். நீங்கன்னு சொல்லலை. இருவத்தி ஆறு வருசமா இவ எங்கிட்டப் பேசலை. ஆருகிட்டப் பேசுனாளோ, சாமிகிட்டயோ ரோட்டுக்கிட்டயோ, என்னைப் பத்திப் பேசியிருக்கா. நான் கேக்கமாட்டேன்னு தெரிஞ்சு பேசியிருக்கா. "...வராண்டாவுல வெச்சு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பாவம், மொகம் செத்துப்போச்சு. அன்னிக்குக் காதுல உழுகலைன்னு எனக்குத்தான் தெரியுமே. உழுகக்கூடாதுன்னுதானே வண்டில வெச்சுச் சொன்னது. வீட்டுல சொன்னா நெசமாப் போயிருமேன்னு பயம். நானே பயந்து வாயை மூடிட்டு, பழியை இந்த மனுசன் தலையில போட்டுட்டேன். பாவம், இப்ப அதுக்குத்தான் பவுடர் பஞ்செல்லாம் பிச்சு..." நின்னுருச்சு. விட்டுருச்சோன்னு உசுரே போச்சு எனக்கு. அப்பறம் வந்துச்சு, மொதல்ல மூக்கால, அப்பறம் தொண்டையால, கட்டிப்போன, கிழிஞ்சுபோன ஒரு சத்தம். "கதிர் திங்காம மாட்டுக்கு வாய்க்கூடை கட்டுவாங்களே, அப்படிக் கட்டி உட்டிருக்காரு பாரு என்ர மூஞ்சில." சிரிக்கறா. தோள் குலுங்கச் சிரிக்கறா. இங்கதான் சிரிச்சிருக்கா இவ, என்ர பொடனிக்குப் பின்னாலயே உக்காந்து இத்தன வருசமாச் சிரிச்சிருக்கா. எனக்குக் கண்ணு மறைச்சிருச்சு, ஹெல்மெட்டுக் கண்ணாடிக்குள்ள தொடைக்கவும் முடியலை. கேட்டுச்சுடீன்னு சொல்லலாம். ஓரங்கட்டி, கழட்டி, எல்லாம் கேட்டுச்சுன்னு சொல்லலாம். சொன்னா வெக்கப்பட்டு அப்படியே வாயை மூடிருவா, வணக்கமுங்கன்னு நின்னுருவா, அப்பறம் நாளைக்கு. ஹோப்ஸ் சிக்னல் வந்துருச்சு. பச்சை. லெப்ட்ல திரும்பி நாலாவது கட்டடம் ஆஸ்பத்திரி. அவ பேசிட்டே இருக்கா, அவ அக்காகிட்ட இருக்கற பச்சைச் சேலையைப் பத்தி, மகளுக்குப் பாக்கற மாப்பளைக்கு முன்பல்லு பெருசுங்கறதைப் பத்தி. நான் திருப்பலை. நீலம்பூர் வரைக்கும் போயித் திரும்பிக்கலாம், டோக்கன் போனாப் போவுது. தோள்ல தட்டறா. "ஏனுங்க! ஏனுங்க, தாண்டிப் போறீங்க, ஆஸ்பத்திரி ரோடு அங்க போயிருச்சுங்க, திருப்புங்க!" ஒவ்வொரு எழுத்தும் கேக்குது. இன்னும் கெட்டியாத் தட்டறா. "கேக்குதுங்களா?" நான் ரோட்டைப் பாத்துட்டே, எப்பவும் ஆட்டற மாதிரி, சரி சரின்னு ரெண்டு தடவை தலையை ஆட்டுனேன். "இந்த மனுசனுக்கு எங்க கேக்கப்போவுது"ன்னுட்டு, விட்ட எடத்துல இருந்து மாப்பளையோட பல்லைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சா.